குளவியின் இடுப்பை லென்ஸில் பார்ப்பது எப்படி?

செத்துக் கிடக்கும் குளவி ஒன்று போதும். இதற்காக எதையும் கொல்லாதீர்கள். 10 மடங்கு கைலென்ஸ், ஊசி, வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். உடல் விறைத்திருந்தால் ஈரப் பஞ்சோடு மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். இல்லாவிட்டால் தொட்டதுமே இடுப்பு முறியும். செத்த குளவியின் கொடுக்கும் குத்தும், வாலைத் தொடாதீர்கள்.

பக்கவாட்டில் கிடத்துங்கள். மேலிருந்து பார்த்தால் பாதி விஷயம் தெரியாது என்பேன். மார்பும் வயிறும் சேரும் இடமே இடுப்பு என்று தோன்றும், இல்லை. வயிற்றின் முதல் கண்டம் (உடல் வளையம்) மார்போடு ஒட்டிவிட்டது; அதற்கும் இரண்டாம் கண்டத்துக்கும் நடுவில்தான் சுருக்கம். முதல் கண்டத்தின் பக்கவாட்டில் மூச்சுத்துளையைத் தேடுங்கள், அதுவே அடையாளம்.

சரி, இப்போது ஊசியால் வயிற்றை மெல்லக் கீழே மடக்குங்கள். இந்த வளைவால்தான் முட்டையிடும் உறுப்பைக் குறிபார்த்துச் செலுத்த முடிகிறது. கொடுக்கு அதே உறுப்பின் மாறிய வடிவம். குடல், நரம்பு எல்லாம் இந்தக் குறுகிய வழியாகவே போகின்றன. வளர்ந்த குளவிகள் பெரும்பாலும் திரவ உணவை நம்புவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

அப்புறம் எறும்பு: இடுப்பில் முடிச்சு (சிறு புடைப்பு) ஒன்றா, இரண்டா என்று எண்ணுங்கள். எறும்பின் உள்குடும்பத்தை (எறும்புக் குடும்பத்துக்குள் வரும் பிரிவை) கண்டறிய முதலில் பார்ப்பது அதைத்தான். ரம்ப ஈ கிடைத்தால் பக்கத்தில் வையுங்கள். குளவியும் எறும்பும் சேர்ந்த அதே வரிசைப் (பூச்சிகளின் பெரும்பிரிவு) பூச்சிதான், ஆனால் இந்த ஒடுங்கிய இடுப்பே இருக்காது.