குட்டி இதயம் பின்னும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் தையல் கடையின் ஐந்தடியில், அதாவது கடை முன்னுள்ள நடைபாதையில், சனிக்கிழமை மாலைகளில் நான்கைந்து பெண்கள் நாற்காலி போட்டு அமர்ந்து கொக்கி ஊசியால் குரோஷே பின்னுவது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள். ஜனவரி பிறந்துவிட்டால் எல்லார் மடியிலும் சிவப்பு நூல்தான் இருக்கும். பிப்ரவரி 14-ஆம் தேதிக்குக் கொடுக்கவோ விற்கவோ, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், பஞ்சு அடைத்து, மேலே பெயரோ முதலெழுத்தோ தைத்த சிறிய இதயங்களைப் பின்னுவார்கள். அவர்கள் பின்னுவதைத் தையல் இயந்திரத்தின் பின்னாலிருந்து பார்க்கும்போது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளை யாரோ வரிசை மாறாமல் மறுபடி செய்து காட்டுவதைப் போல இருக்கிறது. நூல் சிக்கிக்கொள்வது, ஊசி கையை விட்டு நழுவுவது போன்றவை இரண்டு வாரத்தில் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

உறையில் உள்ள ஊசி அளவை அப்படியே எடுத்துக்கொள்வது

நூல் உருண்டையைச் சுற்றியுள்ள காகிதத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ஊசி அளவு சட்டை, சால்வை போன்று துவண்டு விழ வேண்டிய துணிக்கு உரியது. பஞ்சு அடைக்கும் பொருளுக்குத் துணி துவளக் கூடாது. விறைப்பாக, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். உறையில் 3.5 மில்லிமீட்டர் என்று இருந்தால் நான் 2.5 எடுப்பேன். பின்னி முடித்து, பஞ்சு அடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிவப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் ஊசி பெரியது என்று பொருள். இறுக்கிப் பின்னுவதால் விரல் வலிக்கிறது என்பது உண்மைதான். அதற்கு ஊசிக் கைப்பிடியில் துணி சுற்றிக்கொள்ளலாமே தவிர, ஊசியை மாற்றிக்கொள்ளக் கூடாது.

சிங்கிள், டபுள் குழப்பம்

அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று அழைக்கும் கண்ணியைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்கர்களின் டபுள், பிரிட்டிஷாருக்கு டிரெபிள். நம் ஊரில் பழைய புத்தகத்தைப் பார்த்துக் கற்ற மூத்தவர்கள் பிரிட்டிஷ் பெயரைச் சொல்வார்கள். பிள்ளைகள் பார்க்கும் காணொளிகளோ பெரும்பாலும் அமெரிக்க முறையில் பேசுகின்றன. அத்தை சொன்ன டபுளைக் காணொளியின் டபுளாக எண்ணிப் பின்னிய ஒரு பெண்ணின் இதயம் இரு மடங்கு உயரத்தில், வலைபோல வந்து நின்றது. இதயத்துக்கு வேண்டியது இரண்டிலும் குட்டையான கண்ணி, அதாவது அமெரிக்கர்களின் சிங்கிள். இந்தக் கட்டுரையிலும் அந்தப் பொருளில்தான் எழுதுகிறேன்.

இரண்டு மேடுகளும் சேரும் இடம்

இதயத்தின் மேல்பகுதியில் இருக்கும் இரண்டு மேடுகளையும் தனித்தனியே பின்னி, பிறகு சேர்க்கிறோம். மேஜிக் ரிங்கில், அதாவது வாலை இழுத்தால் இறுகி மூடும் நூல் வளையத்தில், 6 கண்ணி, அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18. கூட்டாமல் ஒரு சுற்று. இப்படி ஒன்றை முடித்து நூலை வெட்டிவிட்டு, இரண்டாவதை வெட்டாமல் வைத்துக்கொண்டு, அதே நூலால் முதல் மேட்டைச் சுற்றி வர வேண்டும். இரண்டையும் சுற்றி வந்தால் 36 கண்ணி இருக்க வேண்டும். பழகாதவர்கள் எண்ணினால் 34 இருக்கும். மேடுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் கண்ணி பக்கவாட்டில் சாய்ந்து ஒளிந்துகொள்வதால், போகும்போது ஒன்றையும் வரும்போது ஒன்றையும் தாண்டிவிடுகிறார்கள். அங்கே தெரியாத இழப்பு ஆறு சுற்று கழித்துத் தெரியும்: இதயத்தின் கூர்முனை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். சுற்றுக்கு நான்கு கண்ணி, பக்கத்துக்கு இரண்டாக, குறைத்துக்கொண்டு போகும்போது தொடக்க எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் இரு பக்கமும் சமமாக இறங்கும். ஆகவே சேர்த்த சுற்றை மட்டுமாவது வாய்விட்டு எண்ணுங்கள். சேரும் இடத்தில் விழும் சிறு ஓட்டையை முதல் மேட்டின் நூல் வாலால் உட்புறமிருந்து இரண்டு தையல் போட்டு மூடிவிடலாம்; அதற்காகத்தான் அந்த வாலை ஒரு சாண் நீளம் விடச் சொல்கிறோம்.

குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் முன்பக்க இழையை மட்டும் ஊசியில் எடுத்துச் சேர்த்துப் பின்னினால் குறைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது. முழுக் கண்ணியையும் எடுத்தால் அங்கே ஒரு முண்டும் அதன் பக்கத்தில் ஒரு துளையும் வரும்.

மேஜிக் ரிங்கின் வாலை ஒட்ட வெட்டுவது

வெட்டாதீர்கள். அவிழ்ந்துவிடும்.

அடர்சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து

மற்ற தவறுகளைப் பற்றி நான் சிரித்துக்கொண்டே பேசுவேன். இதை மட்டும் இன்றுவரை அப்படிப் பேச முடியவில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்திருந்த ஒரு தம்பி, தன் பெயரும் பெண்ணின் பெயருமாகச் சேர்த்துப் பத்து எழுத்து, எழுத்துக்கு ஓர் இதயம், எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்துக் காதலர் தினத்துக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். முன்பணமும் கொடுத்துவிட்டார். பருத்தி நூல் கையில் வழுவழுப்பாக இருக்கும், எழுத்தும் எடுப்பாகத் தெரியும் என்பதால் அடர்சிவப்புப் பருத்தியை வாங்கி, வெள்ளை நூலால் எழுத்துகளைத் தைத்தேன். பத்தும் முடிந்தபோது பிப்ரவரி 11 இரவு. நாள்கணக்கில் கையில் வைத்துப் பின்னியதால் வியர்வை அழுக்கு படிந்திருக்குமே என்று சவர்க்காரத் தண்ணீரில் அலசி, பின்கட்டுக் கொடியில் வரிசையாகக் கவ்வி மாட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் வெள்ளை எழுத்துகள் அனைத்தும் இளஞ்சிவப்பு. அது மட்டுமன்று. உள்ளே இருந்த பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருந்ததால் இரவெல்லாம் ஈரம் மெல்லக் கீழே இறங்கி, கரைந்த சாயத்தையும் கூட்டிக்கொண்டுபோய், பத்து இதயங்களின் கூர்முனையிலும் கறுப்பாகத் தேங்கியிருந்தது. கொடிக்குக் கீழே சிமெண்டில் பத்துச் சிவப்புப் பொட்டு.

நூல் வாங்கிய கடையில் போய்க் கேட்டபோது, வினிகரில் ஊறப்போட்டிருந்தால் சாயம் நின்றிருக்கும் என்று சொன்னார்கள். அதை நம்பி, மிச்சமிருந்த நூலை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, காயவைத்து, உட்கார்ந்து மறுபடி பின்னினேன். ஓர் இதயத்துக்கு எழுத்தோடு சேர்த்து எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆறு முடிந்த நிலையில் சோதித்துப் பார்க்க ஒன்றை நனைத்தேன். அதுவும் ஓடியது. அந்தத் தம்பியின் பெயர் முழுதாகவும் பெண்ணின் பெயர் பாதியாகவும் நின்ற ஆறு இதயங்களை, நனைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நூல், பஞ்சு, கயிறு எல்லாம் சேர்த்து என் கைக்காசு போனது ஒருபுறம். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவாலக்கா" என்று சொன்ன குரல் ஒருபுறம்.

வினிகர் ஏன் உதவவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அமிலத்தில் நிலைபெறும் சாயங்கள் உண்டு. அவை கம்பளி, பட்டு போன்ற விலங்கு இழைகளுக்கும் நைலானுக்கும் உரியவை. பருத்திக்குப் போடுவது வேறு வகைச் சாயம். அவற்றில் ஒரு வகை, இழையோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும். பிணையாமல் எஞ்சியதைத் தொழிற்சாலையிலேயே நன்றாக அலசி எடுத்திருந்தால் பிறகு ஓடாது. இன்னொரு வகை, இழையில் மேலோட்டமாக ஒட்டியிருப்பதால், எத்தனை முறை அலசினாலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். அடர்ந்த நிறத்துக்குச் சாயம் மிகுதியாகத் தேவைப்படுவதால் எஞ்சுவதும் மிகுதி. அதனால்தான் இளஞ்சிவப்பு சும்மா இருக்கும்போது அடர்சிவப்பு வம்பு செய்கிறது. இந்த இரண்டு வகைக்குமே வினிகர் பூட்டுப் போடாது. உப்பும் அப்படித்தான், சாயத் தொட்டியில் அதற்கு வேலை உண்டு, வீட்டு வாளியில் இல்லை.

இத்தனையும் பட்டு, ஊரெல்லாம் சொல்லியும், சென்ற சனிக்கிழமை ஒரு பெண் அதே அடர்சிவப்புப் பருத்தியில் வெள்ளையாக எழுத்துத் தைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, வினிகர்ல ஊறவச்சிட்டேன், இனி போவாது" என்று சொன்னபோது எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் காட்ட முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். புதிய உருண்டையிலிருந்து ஒரு முழம் சிவப்பு நூலையும் ஒரு முழம் வெள்ளை நூலையும் ஒன்றாக முறுக்கி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டி இரவு முழுதும் வையுங்கள். சும்மா தண்ணீரில் முக்கி எடுத்துப் பார்ப்பது போதாது, ஏனென்றால் கறை ஏறுவது அலசும்போது அன்று, ஈரத்தோடு நெடுநேரம் ஒட்டிக்கிடக்கும்போதுதான். காலையில் பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும். நிறம் ஏறியிருந்தால், உருண்டையைத் தளர்வான கண்டாகச் சுற்றி, நான்கு இடத்தில் முடிச்சுப் போட்டு, நிறைய தண்ணீரில் நான்கைந்து முறை அலசிவிட்டு மீண்டும் சோதியுங்கள். அப்போதும் ஓடினால் அந்த நூலை வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்; கறுப்பு எழுத்துத் தையுங்கள், அல்லது சிவப்புக்கு மட்டும் அக்ரிலிக் நூலுக்கு மாறிவிடுங்கள். அக்ரிலிக்கின் சாயம் பொதுவாக ஓடுவதில்லை. நான் மாறி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பருத்தியின் வழுவழுப்பு இல்லைதான், தூக்கம் வருகிறது.

ஏற்கெனவே ஓடிவிட்டதா? காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே பெரிய வாளி நிறைய சவர்க்காரத் தண்ணீரில் போட்டு அலசுங்கள். சிறு கிண்ணத்தில் அலசினால், வெளியே வந்த சாயம் போக இடமில்லாமல் மறுபடி வெள்ளையிலேயே ஏறும்.

பஞ்சு

தோட்டத்து வீட்டுக் கொல்லையில் ஒரு காலத்தில் இலவ மரம் நின்றது. மலாய்க்காரர்கள் கெகாபு என்பார்கள். தலையணைக்கு அந்தப் பஞ்சுதான். அந்தப் பாசத்தில் இதயத்துக்கும் அதையே அடைத்தேன். அது மிக மெல்லிய, வழுக்கும் இழை. கண்ணிகளின் இடையே மயிர்போல வெளியே வந்துவிடும், ஒரு முறை நசுங்கினால் பிறகு எழாது. தலையணைக்கு அதைவிடச் சிறந்த பஞ்சு இல்லை. இதயத்துக்குப் பாலியெஸ்டர் பஞ்சை வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் பிடி பிடியாகத் திணிக்காமல், விரலால் பிய்த்து மேகம்போல ஆக்கி, மேடுகள் இரண்டையும் முதலில் நிரப்பிவிட்டுக் கீழே வாருங்கள். கூர்முனைக்கு மட்டும் ஒரு சிட்டிகை. அங்கே அதிகம் போனால் முனை மழுங்கிப் பலாக்கொட்டை ஆகிவிடும்.

கண் வைப்பது

இதயத்துக்குக் கண் எதற்கு?

பெயர்

நான் சொன்ன கணக்கில் பின்னினால் இதயம் சுமார் 5 சென்டிமீட்டர் அகலம் வரும். முன்பக்கத்தில் ஓரம் வளைந்து போவது போக, எழுதப் பயன்படுவது பன்னிரண்டு கண்ணிதான். அதற்குள் 'கார்த்திகேயன்' அடங்காது, 'கா' அடங்கும். முழுப் பெயர் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு எழுத்துக்கு ஓர் இதயம் என்று சொல்லி, விலையையும் சொல்லிவிடுங்கள், அடம் குறையும்.

எழுத்தை எப்போது தைப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. பஞ்சு அடைப்பதற்கு முன் தைத்தால், அடைத்த பிறகு துணி விரிந்து 'ம' என்ற எழுத்து 'ப'வும் இல்லாமல் 'ம'வும் இல்லாமல் நிற்கும். மூடிய பிறகு தைத்தால் பின்பக்கத்துக்குக் கை போகாது. ஆகவே முக்கால் பங்கு பின்னி, மேல்பாதிக்குப் பஞ்சு அடைத்து, வாய் திறந்திருக்கும்போதே தைத்துவிடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சாக இறக்கினால் உருண்டையாக நிற்கும். ஆனால் வெளியே வந்த துளையிலேயே உள்ளே போனால் முடிச்சும் உள்ளே விழுந்துவிடும், அரைக் கண்ணி தள்ளிக் குத்த வேண்டும்.

பெயரை வாய்மொழியாக வாங்கிக்கொள்ளாதீர்கள். ஒரே தர்ஷினி நம் ஊரில் ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில், நான்கு விதமாக எழுதப்படுகிறாள், மைகார்டு என்னும் அடையாள அட்டையில் இருப்பதுதான் அவளுக்குச் சரி. தமிழிலும் 'தர்சினி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. காதலன் சொன்ன எழுத்தில் தைத்துக் கொடுத்து, காதலி அது தன் பெயரே இல்லை என்று சொன்ன வழக்கு என் கடையிலேயே நடந்தது. வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள்.

இஸ்திரிப் பெட்டி

அக்ரிலிக் மேல் வைத்தால் உருகும். வைக்காதீர்கள்.

நாள்கணக்கு

பிப்ரவரி நமக்குச் சாதாரண மாதமன்று. 2024-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10; நூல் கடைகள் பலவும் அந்த வாரம் மூடிக்கிடந்தன. 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. ஆர்டர் எடுத்த பிள்ளைகள் பாதிப்பேர் ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலில் பால்குடத்தோடு நின்றார்கள். 2026-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, அதாவது காதலர் தினத்துக்கு மூன்று நாள் கழித்து. கூரியர் கூடங்களில் பொட்டலம் மலைபோலக் குவியும் நேரம். ஒரே சாயத் தொகுதி எண் உள்ள நூலை டிசம்பரிலேயே மொத்தமாக வாங்கிவிடுங்கள்; பாதியில் தீர்ந்து இன்னோர் உருண்டை வாங்கினால் பத்தில் ஏழு இதயம் ஒரு சிவப்பும் மூன்று இன்னொரு சிவப்புமாக இருக்கும்.

நான் ஜனவரி 31-ஆம் தேதியோடு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுகிறேன். பிப்ரவரி முதல் வாரத்தில் பின்னுவது இல்லை, அலசுவதும் காயவைப்பதும்தான். கொடியில் மாட்டுவதில்லை. இடியாப்பத் தட்டுகளைக் கவிழ்த்து, மேலே வெள்ளைத் துண்டை விரித்து, இதயங்களைப் படுக்கையாக அடுக்கி, மின்விசிறியைப் போட்டுவிட்டு, காலையில் துண்டைத் தூக்கிப் பார்க்கிறேன்.