ஹெட்லைட் மாற்றப் போகிறீர்களா? வெளிச்சம் கூடியும் பாதை தெரியாமல் போவது ஏன்?

இரவில் ரோடு சரியாகத் தெரியவில்லை என்றதும் பலரும் முதலில் வாங்குவது ஒரு ஜோடி எல்இடி பல்ப். பெட்டியில் "20,000 லூமன்" என்று போட்டிருக்கும் (லூமன் என்பது பல்ப் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு). மாட்ட அரை மணி நேரம் போதும். சுவரில் அடித்துப் பார்த்தால் பளீரென்று இருக்கும், மனசும் நிறைந்துவிடும். ஆனால் நெடுஞ்சாலையில் போகும்போது, ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி பழைய பல்பில் எவ்வளவு தூரத்தில் கண்ணில் பட்டதோ அதே தூரத்தில்தான் இப்போதும் படும். சில வண்டிகளில் இன்னும் கிட்டே போன பிறகுதான் தெரியும்.

விஷயம் வெளிச்சத்தின் அளவில் இல்லை, அது எங்கே விழுகிறது என்பதில் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் அங்கே விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஐம்பது மீட்டரில் தெரிவது நூறு மீட்டரில் அதே அளவுக்குத் தெரிய, அந்தத் திசையில் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். பம்பருக்கு முன்னால் நாலாபக்கமும் கொட்டும் வெளிச்சத்தால் அது நடக்காது. ஹெட்லைட் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்று பிடிபடாமல் போனதால் வருபவைதான்.

பழியைப் பல்ப் மேல் போடுவது

புதிய பல்ப் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் லென்ஸ். இன்றைய ஹெட்லைட் முகப்பு கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேல்பூச்சு போய் மஞ்சளாகிவிடும். மஞ்சள் லென்ஸ் வெளிச்சத்தைக் குறைப்பதோடு சிதறவும் அடிக்கும். இதற்குள் எவ்வளவு நல்ல பல்ப் போட்டாலும் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிய கதைதான். பற்பசை போட்டுத் தேய்த்தால் சில நாள் பளபளக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். 800 நம்பரில் தொடங்கி 2,000, 3,000 வரை தண்ணீர் விட்டு உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாவைத் தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பூச்சில்லாமல் பாலிஷ் மட்டும் போட்ட லென்ஸ், தொடாமல் விட்டதைவிடச் சீக்கிரமே மஞ்சளடிக்கும்.

இரண்டாவது, முன் கண்ணாடியின் உட்பக்கம். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பகலில் தெரியாது. எதிர் வண்டி வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும்.

மூன்றாவதுதான் கவனிப்பாரற்றது: பல்புக்கு வந்து சேரும் வோல்டேஜ். ஹாலஜன் பல்பின் (இழை சூடாகி எரியும் பழைய வகை) வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, சரசரவென்று இறங்கும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட், பல்ப் ஹோல்டரில் 12.5 வோல்ட் என்றால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தை வயரிங்கே தின்றுவிட்டது என்று அர்த்தம். சோதிப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் பாசிட்டிவ் பின்னிலும் வையுங்கள். பல்ப் மாட்டியே இருக்க வேண்டும். கழற்றிவிட்டுப் பார்த்தால் கரண்ட் ஓடாததால் வயரிங்கின் குறை தெரியாது. மீட்டர் அரை வோல்டுக்கு மேல் காட்டினால் வயரிலோ சுவிட்சிலோ இழப்பு இருக்கிறது. அதேபோல் எர்த் பக்கத்தையும் பாருங்கள். பழைய வண்டிகளில் துருப்பிடித்த எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவது உண்டு. மீதிக்கு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) வயரிங் இருக்கிறது: பேட்டரியிலிருந்து தடிமனான வயரில் நேரடி சப்ளை, பழைய சுவிட்ச் ரிலேயை இயக்க மட்டும். என்னைக் கேட்டால், நல்ல ஹாலஜன் பல்போடு இதைச் செய்வதுதான் பழைய வண்டிக்குக் காசுக்கேற்ற மேம்பாடு.

ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்இடியைத் திணிப்பது

ஒரு எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள் (கண்ணாடியைத் தொடாமல்). உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். லோ பீம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் மாதிரி ஓர் உலோகத் தகடு. அது கீழ்நோக்கிப் போகும் ஒளியைத் தடுத்து, ரிஃப்ளெக்டரின் (பல்பைச் சுற்றி ஒளியை முன்னால் திருப்பி அனுப்பும் பளபளப்பான கிண்ணம்) மேல் பாதியில் மட்டும் படவைக்கிறது. அதனால்தான் லோ பீமில் சுவரில் ஒரு கோடு போட்ட மாதிரி மேலே இருட்டும் கீழே வெளிச்சமும் விழுகிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

எல்இடி பல்பில் இழை கிடையாது. நடுவில் ஒரு தகடு, அதன் இரண்டு பக்கமும் சிப்புகள். தகடு தடிமனாக இருந்தால் ஒளி இழையின் இடத்திலிருந்து விலகிக் கிளம்பும், அந்தக் கோடு கலங்கிவிடும். கோட்டுக்கு மேலே கசியும் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் குத்தும். உங்களுக்கோ நடுவில் தூரம் போக வேண்டிய ஒளிக்கற்றை சப்பையாகிப் பக்கவாட்டில் பரவிக் கிடக்கும். ஹை பீமில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

எல்லா எல்இடியும் மோசம் என்று சொல்லவில்லை. சிப்புகளைச் சரியாக இழையின் இடத்தில் வைத்த மெல்லிய தகட்டு பல்புகளும் உண்டு. ஆனாலும் ஒரே பல்ப் ஒரு மாடலில் நன்றாகவும் இன்னொன்றில் கண்றாவியாகவும் இருக்கும், ஏனென்றால் ரிஃப்ளெக்டர் வேறு. ஜெர்மனியில் 2020-இல் ஹாலஜனுக்குப் பதிலாகப் போடும் எல்இடிக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தபோதும், சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். பல நாடுகளில் இப்படி மாற்றுவதே சட்டப்படி செல்லாது. வாங்கும் முன் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது இன்னொரு தவறு நடக்கும். எச்7 மாதிரி ஒற்றை இழை பல்புகளுக்குப் பதிலாக வரும் எல்இடியில் சிப்புகள் பெரும்பாலும் இடம் வலமாக, கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணித் திசையில் நிற்க வேண்டும். மேல் கீழாக நின்றுவிட்டால் பீம் உருக்குலைந்துபோகும். காலர் (பல்பைப் பிடிக்கும் வளையம்) சுழலும் வகையாக இருந்தால், சுவர் முன் நிறுத்தி மெல்லத் திருப்பி, கோடு எப்போது கூர்மையாகிறது என்று பார்த்து இறுக்குங்கள்.

லூமன் கணக்குக்கும் ஒரு வார்த்தை. இன்றைய எல்இடி பல்ப் ஒரு வாட்டுக்குச் சுமார் நூறு லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 25 வாட் பல்ப் என்றால் 2,500 லூமன். 20,000 லூமன் வர 200 வாட் வேண்டும். அந்தச் சூட்டை ஒரு கட்டைவிரல் அளவு ஃபேன் தாங்காது. பெட்டியில் இருப்பது எண் அல்ல, விளம்பரம். ஒப்பிட்டுப் பார்க்க: சாதாரண எச்7 ஹாலஜன் 55 வாட், சுமார் 1,500 லூமன்.

சூடும் ஒரு பிரச்சினைதான். எல்இடியின் சூடு பின்பக்கம் போகும். ரப்பர் மூடிக்குள் அது அடைபட்டால் பல்ப் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். கடையில் பளீரென்று இருந்தது அரை மணி நேரப் பயணத்துக்குப் பிறகு மங்குவது இதனால்தான். அதற்காக மூடியைக் கழற்றி எறிந்தாலோ ஓட்டை போட்டாலோ ஈரமும் தூசியும் உள்ளே போய் ரிஃப்ளெக்டர் பூச்சைக் கெடுக்கும். அதைப் பாலிஷ் போட்டு மீட்க முடியாது, முழு செட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

எச்ஐடி கிட் (இழைக்குப் பதில் வாயுவுக்குள் மின்பொறியால் எரியும் பல்ப்) இன்னும் மோசம். ஐரோப்பிய விதிமுறைப்படி 2,000 லூமனைத் தாண்டிய லோ பீமுக்குத் தானியங்கி உயரச் சீரமைப்பும் லென்ஸ் கழுவும் வசதியும் கட்டாயம். 35 வாட் எச்ஐடி பல்ப் 3,000 லூமனுக்கு மேல் தரும். அதை இவை எதுவும் இல்லாத ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் மாட்டினால் எதிரே வருபவர் பாடு சொல்லி முடியாது.

நீலம் என்றால் பிரகாசம் என்று நம்புவது

ஹாலஜனின் நிறம் 3,200 கெல்வினை ஒட்டி இருக்கும். எண் ஏற ஏற வெள்ளையாகி, 6,000-ஐத் தாண்டினால் நீலம் தட்டும். இது நிறத்தின் அளவு, வெளிச்சத்தின் அளவு அல்ல. நீலக் கண்ணாடி போட்ட ஹாலஜன் பல்புகள் இழையிலிருந்து வரும் மஞ்சள் ஒளியை வடிகட்டித்தான் அந்த நிறத்தைக் காட்டுகின்றன, அதாவது வெளிச்சத்தைக் குறைத்து. மழையில் நனைந்த தார் ரோட்டில் இது வெறுப்பேற்றும். 4,300 முதல் 5,500 வரை போதும். மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பதும் பாதி நம்பிக்கைதான். பனித்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சிதறடிக்கும். மஞ்சளில் கண் கூசுவது சற்றுக் குறையும், அவ்வளவே. இரவில் போடும் மஞ்சள் மூக்குக் கண்ணாடியோ வரும் வெளிச்சத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும்.

பம்பருக்கு முன்னால் பகலாக்குவது

ஃபாக் லேம்ப், கீழே கட்டிய லைட் பார் இவற்றை எப்போதும் எரியவிடுபவர்கள் உண்டு. பத்து மீட்டர் வரை பகல் மாதிரி இருக்கும். கண் அந்தப் பளிச்சுக்குப் பழகிவிடுவதால் அதற்கப்பால் இருப்பது இன்னும் இருட்டாகத் தெரியும். ஓட்டுபவருக்கு "நன்றாகத் தெரிகிறது" என்ற உணர்வு மட்டும் கூடும், ஆபத்தே அதில்தான். மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். சுதாரிக்க ஒன்றரை நொடி, பிறகு நல்ல ரோட்டில் முழு பிரேக் என்று வைத்தால் நிற்க எழுபது மீட்டர் ஆகும். முதல் பத்து மீட்டரில் தெரிவதை வைத்து அந்த வேகத்தில் ஒன்றும் செய்ய முடியாது. லைட் பார் ஹை பீமோடு மட்டும் எரியும்படி வயரிங் செய்வதே முறை.

அலைன்மென்ட்டைத் தொடாமல் விடுவது

பல்ப் மாற்றுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை என்று அடித்துச் சொல்வேன். இத்தனைக்கும் காசே ஆகாத வேலை.

சமதளத்தில், டயர் காற்று சரியாக இருக்க, ஓட்டுபவர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, டேஷ்போர்டில் உயரம் மாற்றும் திருகு இருந்தால் பூஜ்யத்தில் வைத்துச் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து ஹெட்லைட் நடுப்புள்ளி வரை உயரத்தை அளந்து அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். பல கார்களில் லோ பீம் கோடு அந்த டேப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், அதாவது ஒரு சதவீதச் சரிவு. ஹெட்லைட் மேலேயோ பானட்டுக்குள் ஸ்டிக்கரிலோ "1.0%" அல்லது "1.2%" என்று அச்சிட்டிருந்தால் அதுதான் உங்கள் வண்டிக்கான கணக்கு.

இந்தச் சிறிய வித்தியாசம் என்ன செய்யும்? 65 சென்டிமீட்டர் உயரத்து ஹெட்லைட் ஒரு சதவீதச் சரிவில் இருந்தால் கோடு 65 மீட்டரில் ரோட்டைத் தொடும். இரண்டு சதவீதமானால் 32 மீட்டரோடு சரி, பாதி தூரம் போய்விட்டது. புது பல்ப் எதையும் இதை ஈடுகட்டச் சொல்ல முடியாது. நேர்மாறாக, தூரம் வேண்டும் என்று கோட்டை டேப்புக்கு மேல் ஏற்றினால் எதிரே வருபவர் கண்ணில்தான் போய் விழும். கோடு ஒரு பக்கம் மேல்நோக்கி வளைவதையும் கவனியுங்கள். அது உங்கள் பக்கத்து ரோட்டோரத்தைக் காட்டுவதற்காக. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் இது எதிரெதிர். வேறு நாட்டு ஹெட்லைட் செட்டை மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கி மாட்டினால் அந்த வளைவு நேராக எதிர் வண்டிக்குப் போகும், எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது.

வாட்டைக் கூட்டுவது

60/55 வாட் இடத்தில் 100/90 போடுவது பழைய வழக்கம். ஹை பீமில் இரண்டு பல்பும் சேர்ந்து 17 ஆம்பியர் இழுக்கும். ஹோல்டர் பழுப்பேறி உருகும், ரிஃப்ளெக்டர் பொசுங்கும், வயரிங் தாங்காமல் வோல்டேஜ் இறங்கி, கூட்டிய வாட்டில் ஒரு பகுதி பல்பையே எட்டாது. "+150%" என்று வரும் அதே வாட் ஹாலஜன்கள் வேறு ரகம். மொத்த ஒளி பெரிதாகக் கூடாது, இழையைச் சுருக்கித் தூரத்தில் விழும் பங்கைக் கூட்டியிருப்பார்கள். எனக்குப் பிடித்த வழி அது, ஆனால் ஆயுள் குறைவு. ஜோடியாகவே மாற்றுங்கள். கண்ணாடியில் விரல் எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் சூடு கூடிச் சீக்கிரமே போய்விடும், ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால் பை-எல்இடி புரொஜக்டர் (லோ, ஹை இரண்டு பீமையும் தரும், லென்ஸோடு சேர்ந்த எல்இடி தொகுதி) போடுவதுதான் முறையான மாற்றம், அதுவும் சட்டம் இடம் தரும் நாட்டில். கோட்டை வெட்டும் தகடு அதன் உள்ளேயே இருப்பதால் பீம் ஒழுங்காக வரும். ஆனால் ஹெட்லைட்டைச் சூடாக்கிப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். பழைய பசையைச் சுத்தமாக எடுத்துப் புது பியூட்டைல் பசை போட்டு ஒட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய பசையையே சூடாக்கி அமுக்கிவிட்டால் முதல் மழையிலேயே உள்ளே நீர் கோர்த்துக்கொள்ளும். எல்இடி பல்ப் மட்டும் மாற்றியிருந்தால் கழற்றிய ஹாலஜன் ஜோடியைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வைத்து வண்டியிலேயே வைத்திருங்கள். நடுவழியில் ஃபேன் நின்று எல்இடி கைவிட்டால் அதை மாட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம்.