குறைந்த செலவில் லைவ் ராக்: கடல் மீன் தொட்டிக்குக் கல் வாங்குவது எப்படி?

கடல் மீன் தொட்டி தொடங்குபவர்கள் போடும் பட்ஜெட்டில் கண்ணாடி, விளக்கு, பம்ப், ஸ்கிம்மர் (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி), உப்பு எல்லாம் இருக்கும். உயிர் குடியேறிய கடல் கல், அதாவது லைவ் ராக், இருக்காது. கடைக்குப் போய் "லைவ் ராக் கிலோ என்ன விலை?" என்று கேட்கும்போதுதான் தலை சுற்றும். அங்கேயே மனம் மாறி, ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ்ஷோடு வீடு திரும்பியவர்களும் உண்டு.

அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. லைவ் ராக்கில் உயிர் என்பது கல்லில் இல்லை; கல்லின் மேலும் துளைகளுக்குள்ளும் குடியிருக்கும் பாக்டீரியா, பாசி, புழு, குட்டி ஓட்டுமீன்கள் இவைதான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். ஆக்ஸிஜன் எட்டாத ஆழமான துளைகளில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். மொத்தத்தில் கல்தான் உங்கள் ஃபில்டர். உயிரில்லாத கல்லை மலிவாக வாங்கி, இந்தக் குடித்தனத்தை நாமே அதில் ஏற்ற முடியும். பணம் மிச்சமாகும், ஆனால் ஒன்றரை, இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் இந்த வழி சரிப்படாது.

முதலில் சட்டம்

"ராமேஸ்வரம் பக்கம் கரையில் கிடக்கிறதே, ரெண்டு மூட்டை அள்ளிக்கொண்டு வந்தால் போதாதா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கூடாது. பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. செத்துப்போன பவள எலும்புக்கும் இது பொருந்தும். பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவின் கதையைப் பாருங்கள். ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும் கடலில் இருந்து இயற்கையான லைவ் ராக் எடுப்பதை 1990களிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே இப்போது குத்தகைக்கு எடுத்த கடல் பரப்பில், தரையில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைக் கொண்டுபோய்ப் போட்டு, உயிர் ஏறியதும் திரும்ப எடுத்து விற்கிறார்கள். நாம் ஒரு டிரம்முக்குள் செய்யப்போவதும் ஏறக்குறைய அதுவேதான்.

எனவே கடையில் ஒருவர் "கடல்ல இருந்து நேரா வந்த கல்லு சார்" என்று பெருமையாகச் சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். இறக்குமதி செய்தது என்றால் பில்லும் அனுமதிக் காகிதங்களும் கேளுங்கள். பவளக் கல் என்பதால் நாடு விட்டு நாடு வரும்போது சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி வேண்டும். காகிதம் காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

எவ்வளவு கல் வேண்டும்?

பழைய கணக்கு ஒன்று இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது: ஒரு கேலனுக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு. நம் அளவில் லிட்டருக்கு 120 முதல் 180 கிராம். 200 லிட்டர் தொட்டிக்கு 24 முதல் 36 கிலோ வரும். இது கனமான கல்லை மனதில் வைத்துச் சொன்ன கணக்கு. நுண்துளை நிறைந்த கல்லானால் 10 முதல் 15 கிலோவே தாராளம். சம்ப் (மீன் தொட்டியோடு இணைத்து வைக்கும் தனி ஃபில்டர் தொட்டி) வைத்திருந்தால் இன்னும் குறைக்கலாம். பார்வைக்குத் தேவையான கல்லை மட்டும் தொட்டியில் வைத்து, பாக்டீரியாவுக்கான இடத்தை சம்ப்பில் பீங்கான் மீடியாவாக (பாக்டீரியா குடியேறும் துளையுள்ள துண்டுகள்) கொடுத்துவிடலாம். அதிகமாகக் கல் அடுக்கினால் மீனுக்கு நீந்த இடம் இருக்காது, பின்பக்கம் அழுக்கும் தேங்கும்.

கல் கிலோ கணக்கில் விற்கிறது, நமக்கு வேண்டியதோ பரப்பளவு. அதனால் கையில் எடுத்தால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும் கல்தான் நல்ல கல். கனமான கல் கிலோவுக்கு மலிவாகத் தெரிந்தாலும், தொட்டி நிறைய அடுக்கி முடிக்கும்போது கணக்கு தலைகீழாகிவிடும்.

எந்தக் கல், எங்கே?

மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, டிரை ராக். தரையில் வெட்டிய சுண்ணாம்புக் கல், அல்லது தொழிற்சாலையில் செய்த பீங்கான், சிமென்ட் கல். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. வண்ண மீன் வியாபாரத்துக்கே பேர்போன இடம். அங்கே பெரும்பாலும் நன்னீர்ச் சரக்குதான் என்றாலும் கடல் மீன் விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே கடையில் முடிவெடுக்காமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். உடைந்த துண்டுகள், பெட்டியின் அடியில் மிஞ்சிய சில்லுகள் இருந்தால் தனி விலை கேளுங்கள். சம்ப்புக்கு அவை போதும். ஊதா நிறத்தைப் பார்த்து மட்டும் காசு கொடுக்காதீர்கள். செய்த கல் பலவற்றில் அது சாயம்தான். உண்மையான ஊதா, கோரலைன் பாசி. அது உங்கள் தொட்டியிலேயே சில மாதங்களில் வரும்.

கடையில் இரண்டு சோதனை செய்யலாம். கல்லின் ஒரு மூலையில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். பீங்கான் நுரைக்காது, அது தப்பில்லை. ஆனால் "சுண்ணாம்புக் கல்" என்று சொல்லி விற்பது நுரைக்காவிட்டால் சந்தேகப்படுங்கள். அடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கல்லை மெதுவாக அமிழ்த்திப் பாருங்கள். நல்ல கல்லானால் எல்லாப் பக்கமிருந்தும் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பி, நிற்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும். நாலே நாலு பெரிய குமிழ் விட்டுவிட்டு அடங்கிவிட்டால், மேலே மட்டும் குழி, உள்ளே கட்டி. துருநிறக் கோடோ உலோக மினுமினுப்போ உள்ள கல் எந்த விலைக்கும் வேண்டாம்.

இரண்டாவது வழி, தொட்டியைக் கலைப்பவர்களிடம் வாங்குவது. ஆள் ஊர் மாறுவார், குழந்தை பிறக்கும், கரண்ட் பில் கட்டி அலுத்துப்போகும். வாங்கியதில் பாதி விலைக்குக்கூடக் கொடுத்துவிடுவார்கள். இதுதான் மலிவான வழி, ஏமாறவும் இதில்தான் வாய்ப்பு அதிகம். முதல் கேள்வியாக, "தொட்டியில் எப்போதாவது காப்பர் மருந்து போட்டீர்களா, அண்ணா?" என்று கேளுங்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்குப் பலர் போடுவார்கள். சுண்ணாம்புக் கல் அந்தச் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். பவளமும் இறாலும் அதைத் தாங்காது. "ஒரே ஒரு தடவைதான்" என்றாலும் வேண்டாம். இந்தக் கல் எங்கே வாங்கியது, பில் இருக்கிறதா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள்.

கல்லை முகர்ந்து பாருங்கள். கடற்கரை வாசம் வந்தால் நல்லது, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே எல்லாம் செத்துவிட்டது. கல் இன்னும் தொட்டியில் இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற உடலும் பழுப்பு நிறக் கைகளுமாக, தொட்டவுடன் துளைக்குள் இழுத்துக்கொள்ளும் சின்ன அனிமோன் தெரிந்தால் அது ஐப்டேசியா. ஒன்று இருந்தால் ஐம்பதாகும். பச்சைக் கோலிக்குண்டு போலப் பளபளக்கும் குமிழ்ப் பாசி இருந்தாலும் யோசியுங்கள். ராத்திரியில் தொட்டிக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா என்று அவர் வீட்டில் கேட்டு வைப்பதும் நல்லது. மாண்டிஸ் இறால் ஒளிந்திருக்கலாம். முள்புழுவைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். துப்புரவு வேலை செய்யும் ஜீவன், வெறுங்கையால் தொடாமல் இருந்தால் போதும்.

இத்தனை சந்தேகம் வந்தாலும் விலை ரொம்பக் குறைவு, காப்பர் மட்டும் போடவில்லை என்றால், வாங்கி முழுக்கச் சாகடித்து டிரை ராக்காகவே பயன்படுத்தலாம். ஒரு பங்கு வாசனையில்லாத ப்ளீச், பத்துப் பங்கு தண்ணீர். அதில் ஒரு நாள் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, ஆன்ட்டி குளோரின் கலந்த தண்ணீரில் மறுபடி ஊறவைத்து, ஒரு வாரம் வெயிலில் காயப்போடுங்கள். சிலர் ஆசிட்டிலும் முக்குவார்கள். புதியவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். ப்ளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து.

மூன்றாவது வழி, நாமே செய்வது. ஒரு பங்கு வெள்ளை சிமென்ட், இரண்டு பங்கு கிளிஞ்சல் குருணை, இரண்டு பங்கு கல் உப்பு. குருணை கோழித் தீவனம் விற்கும் கடையில் கிடைக்கும், முட்டைக்கோழிக்குப் போடுவது. கையுறை போட்டுக்கொண்டு, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். தண்ணீர் கூடினால் உப்பு அப்போதே கரைந்து துளை விழாது. ஈர மணலில் குழி பறித்து அதில் அள்ளிப் போட்டு, விரலால் நாலைந்து குகை குடைந்து விடுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துத் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து அந்த இடமெல்லாம் துளையாகும். சிமென்ட்டின் காரம் போகக் குறைந்தது ஒரு மாதம் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் புதுத் தண்ணீரில் நாலு நாள் போட்டுவைத்து பி.எச் பாருங்கள். 8.5க்கு மேலே ஏறினால் இன்னும் ஆகவில்லை. செலவு மிகக் குறைவு, பெண்டு நிமிர்ந்துவிடும்.

உயிர் ஏற்றுவது

மூடி போட்ட ஒரு நீல டிரம், ஒரு சின்ன பம்ப், போதும். விளக்கு வேண்டாம், ஸ்கிம்மர் வேண்டாம். வெளிச்சம் கொடுத்தால் பாசிதான் பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. போர் தண்ணீர் கூடவே கூடாது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். குடிக்க ருசி வேண்டும் என்பதற்காக அந்த மெஷின்கள் பலவற்றில் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள். முடிந்தவரை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடல் தொட்டி உப்பைக் கலந்து, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வருகிறதா என்று சரிபாருங்கள். சமையல் உப்பு ஆகாது.

கல்லைப் போட்டு பம்ப்பை ஓடவிட்டபின், அம்மோனியம் குளோரைடு கரைசல் விட்டு அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். இறால் துண்டைப் போட்டு அழுகவிடும் பழைய வழியும் வேலை செய்யும், வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருந்தால். அப்புறம் விதை. நம்பிக்கையான நண்பரின் தொட்டியிலிருந்து கைப்பிடி அளவு பழைய கல்லோ, சம்ப்பிலிருந்து ஒரு கை மீடியாவோ கேட்டு வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுமுன் கொண்டு வாருங்கள். அதுவே போதும், மற்ற கல்லுக்கெல்லாம் பரவிவிடும். பாட்டில் பாக்டீரியா வாங்குவதானால் தயாரித்த தேதியைப் பாருங்கள். சிலவற்றைக் குளிர்ச்சியில்தான் வைக்க வேண்டும். மே மாதம் கூரியர் வேனில் இரண்டு நாள் வெந்த பாட்டிலில் என்ன உயிர் மிச்சமிருக்கும்?

வாரம் இரண்டு முறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் ஏறும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள்; உப்பு ஆவியாகாது. வெப்பம் 26 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. 2 பி.பி.எம். அம்மோனியா விட்ட மறுநாளே அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் கல் தயார். நாலு வாரத்திலும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். முடிந்ததும் பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கல்லானால் பாஸ்பேட்டும் ஒரு முறை பாருங்கள். உயர்ந்து நின்றால் தொட்டிக்குப் போகுமுன் டிரம்மிலேயே இன்னும் சில வாரம் விட்டுத் தண்ணீர் மாற்றுங்கள்.

தொட்டியில் அடுக்கும்போது

கல்லை மணலின் மேல் வைக்காதீர்கள். முதலில் கல், பிறகு மணல். மணலைக் குடையும் மீன் ஒன்று வந்தால் அடி பெயர்ந்து கல் கண்ணாடியில் சாயும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விட்டால் பின்னால் துடைக்கலாம். அடுக்கிய பிறகு இரண்டு கையாலும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குங்கள்.

முதல் சில வாரங்களில் கல் முழுக்கப் பழுப்புத் தூள் படியும். டயாட்டம் பாசி அது, புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், தானே போய்விடும். அதைப் பார்த்துப் பயந்து கல்லை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவினால், ஏற்றிய பாக்டீரியாவில் ஒரு பங்கு போய்விடும். அதற்குப் பதில் நாலைந்து நத்தை விடுங்கள். மீன் முதலில் ஒன்றோ இரண்டோ போதும்.

ஊதா நிறம் வேண்டுமென்றால், நண்பர் தன் கண்ணாடியில் சுரண்டும் கோரலைன் பாசித் தூளை ஒரு டப்பாவில் கேட்டு வாங்கி, பம்ப்புக்கு எதிரே தூவுங்கள். கால்சியம் 400 பி.பி.எம்.முக்கு மேலும், ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) அதன் அளவான டி.கே.எச்.சில் 8க்குக் குறையாமலும் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் அங்கங்கே புள்ளி புள்ளியாகப் பிடிக்கத் தொடங்கும். கடையில் பெயின்ட் அடித்த கல்லுக்குக் கேட்ட கூடுதல் விலையை அப்போது உப்புக்குச் செலவு செய்துகொள்ளலாம்.