துருவக் கடல் புயல்களைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கும்போது எங்கே ஏமாறுகிறோம்

குளிர்காலத்தில் நார்வே கடல், பேரன்ட்ஸ் கடல் பக்கம் எழும் சிறு புயல்களைத் துருவத் தாழ்வு என்பார்கள். பனிக்கட்டிப் பரப்பிலிருந்து கிளம்பும் கடுங்குளிர்க் காற்று, தன்னைவிட வெப்பமான கடல்மேல் வந்ததும் அடியிலிருந்து சூடேறிக் கொந்தளிக்கும்போது இவை உருவாகின்றன. குறுக்களவு பெரும்பாலும் 200 முதல் 1000 கி.மீ. ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அந்தக் கடலில் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் இருக்கின்றன, அதனால் படத்தைத் தப்பாகப் படிப்பது சின்ன விஷயம் இல்லை.

முதலில் புவிநிலை செயற்கைக்கோள். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் இருந்தபடி சில நிமிடத்துக்கு ஒரு படம் தருவதால் எல்லோரும் அதைத்தான் திறக்கிறோம். ஆனால் 70 டிகிரி வடக்கில் படகில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால், கோள் நேர் தெற்கே இருந்தால்கூட, தொடுவானத்துக்கு மேல் பதினொரு பன்னிரண்டு டிகிரியில்தான் நிற்கும். அவ்வளவு சாய்வாகப் பார்க்கும்போது 5 கி.மீ. உயரத்தில் உள்ள மேக உச்சி, படத்தில் ஏறக்குறைய 25 கி.மீ. வடக்கே தள்ளி விழும். புயலின் மையத்தை அப்படியே வரைபடத்தில் குறித்தால் அந்த 25 கி.மீ. தவறும் கூடவே வரும். இடமாற்றத்தைத் திருத்திய படமா என்று முதலில் பாருங்கள்.

சரி, துருவச் சுற்றுப்பாதைக் கோள்கள்? சுமார் 800 கி.மீ. உயரத்தில் பறந்து, நூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் துருவத்தை ஒட்டிப் போவதால் இந்தக் கடல்களுக்கு இவைதான் பொருத்தம். இங்கே நேரத்தைப் பார்க்காமல் விடுவதுதான் தவறு. பல சுற்றுகளை ஒட்டிச் செய்த அழகான படத்தில் புயலின் ஒரு பாதி காலையிலும் மறுபாதி மதியத்திலும் எடுத்ததாக இருக்கலாம். ஒரு நாள் மட்டும் வாழும் புயலுக்கு ஆறு மணி நேரம் என்பது கால்வாசி ஆயுள்.

துருவ இரவில் சூரிய ஒளிப் படம் கிடைக்காது, வெப்பநிலையைக் காட்டும் அகச்சிவப்புப் படத்தைத்தான் நம்ப வேண்டும்; அதில் குளிர்ந்தது வெள்ளையாகத் தெரியும். வெப்பமண்டலப் புயல் பார்த்துப் பழகியவர்கள் ‘வெள்ளையாக இருந்தால் பலமான புயல்’ என்ற கணக்கை அப்படியே இங்கே கொண்டுவருகிறார்கள். அது செல்லாது. கடல் பனிக்கட்டியும் தாழ்ந்த மேகமும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் படத்தில் இரண்டும் ஒரே நிறம். அடுத்தடுத்த படங்களில் எது சுழல்கிறது, எது அசையாமல் கிடக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் காற்று. மெட்டாப் என்ற ஐரோப்பிய வானிலைக் கோள்களின் ஆஸ்கேட் ரேடார் கருவி கடல் பரப்பின் சொரசொரப்பை வைத்துக் காற்றைக் கணக்கிடுகிறது. அது அளப்பது இரண்டு பக்கப் பட்டைகளை மட்டுமே, நடுவில் பல நூறு கி.மீ. வெற்றிடம். அந்த வெற்றிடத்தை ‘காற்று இல்லை’ என்று படித்துவிடாதீர்கள், புயலின் மையமே அதற்குள் இருக்கலாம். பனிக்கட்டி விளிம்பை ஒட்டிய அளவுகளையும் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள், பனியின் எதிரொலிப்பு காற்றுபோலவே காட்டிவிடும்.