ஏர் லீக்கை அடைத்த பிறகும் மீட்டர் ஏன் குறையவில்லை? கம்ப்ரஸர் மின்செலவைக் குறைக்கும் செய்முறை

தொழிற்சாலையில் மின்செலவைக் குறைக்க முதலில் எங்கே கைவைப்பது என்று யோசிப்பவர்கள் நேராகக் கம்ப்ரஸர் அறைக்குப் போகலாம். கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம்தான் ஏர் கருவியின் முனையில் வேலையாகக் கிடைக்கிறது. மீதி பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடும். கிடைக்கும் கொஞ்சத்திலும் லீக் பங்கு கேட்கும்: பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் கம்ப்ரஸர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் லீக்கில் போவது சகஜம்.

இதைக் கேட்டதும் பலரும் சோப்புத் தண்ணீரோடு கிளம்பி ஓட்டைகளை அடைக்கிறார்கள். அடைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் ஏமாற்றம்தான். காற்றுத் தேவை குறைந்தது மோட்டாருக்குத் தெரிந்து, அது தன் இழுப்பைக் குறைத்தால்தான் யூனிட் குறையும். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். அளவெடுப்பதைத் தாண்டிக் குதித்தால், கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று யாருக்கும் காட்ட முடியாது.

தேவையானவை

மூன்று ஃபேஸையும் சேர்த்துக் கிலோவாட் காட்டும் பவர் மீட்டர், சரிபார்த்த பிரஷர் கேஜ் ஒன்று, ஸ்டாப் வாட்ச், மென்மையான சோப்புக் கரைசலுடன் ஸ்ப்ரே பாட்டில், எண்ணிட்ட டேக்குகள். இரைச்சலான ஆலை என்றால் அல்ட்ராசானிக் லீக் டிடெக்டர் வாங்குவது வீண்போகாது. சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அது கேட்பதால் மெஷின் சத்தம் பெரிதாகக் குறுக்கிடாது.

வெறும் ஆம்பியரை மட்டும் அளந்து கணக்குப் போடாதீர்கள். கம்ப்ரஸர் அன்லோடில் (காற்றை அழுத்தாமல் மோட்டார் சும்மா சுற்றும் நிலை; அழுத்திக் காற்றுத் தரும் நிலைதான் லோடு) ஓடும்போது மோட்டாரின் பவர் ஃபேக்டர் விழுந்துவிடும். அப்போது ஆம்பியர் காட்டுவதைவிட உண்மையான கிலோவாட் குறைவாக இருக்கும்.

படி 1: இப்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

பவர் மீட்டரைக் கம்ப்ரஸர் பேனலில் மாட்டி, விடுமுறை நாள் ஒன்றும் அடங்கும்படி ஒரு வாரம் விடுங்கள். லோடில் எத்தனை கிலோவாட், அன்லோடில் எத்தனை, உற்பத்தி இல்லாத நேரத்தில் எத்தனை என்று தனித்தனியாகக் குறியுங்கள். கூடவே அந்த வார உற்பத்தி எண்ணிக்கையையும் எழுதுங்கள். பின்னால் ஒப்பிட அது வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: நிமிடத்துக்கு 6 கன மீட்டர் தரும் ஸ்க்ரூ கம்ப்ரஸர். லோடில் 40 கிலோவாட், அன்லோடில் 12 கிலோவாட். டேங்கும் பைப்பும் சேர்ந்த கொள்ளளவு 3 கன மீட்டர்.

படி 2: மொத்த லீக் எவ்வளவு?

உற்பத்தி நின்றிருக்கும் நேரத்தில், லைன் வால்வுகளைத் திறந்தே வைத்து, காற்று பயன்படுத்தும் எல்லா வேலையையும் நிறுத்துங்கள். கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். இப்போது அது லோடுக்குப் போனால் லீக்குக்காக மட்டுமே போகிறது. லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் குறைந்தது 5 சுற்றுக்கு எடுத்துச் சராசரி காணுங்கள்.

லீக் சதவீதம் = லோடு நேரம் ÷ (லோடு நேரம் + அன்லோடு நேரம்) × 100

நம் உதாரணத்தில் லோடு 30 நொடி, அன்லோடு 70 நொடி என்றால் லீக் 30 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 1.8 கன மீட்டர். அந்த நேரத்தின் சராசரி மின்சாரம்: 0.3 × 40 + 0.7 × 12 = 20.4 கிலோவாட். ஒரு பொருள்கூட உருவாகாத விடுமுறை நாளில் 24 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 490 யூனிட். இதில் 8.4 கிலோவாட், மோட்டார் அன்லோடில் சும்மா சுற்றுவதற்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். படி 7-இல் இதற்கு வருவோம்.

விஎஃப்டி (தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) கம்ப்ரஸருக்கும், இன்லெட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடித் திறந்து கட்டுப்படுத்தும் கம்ப்ரஸருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அவற்றுக்கு அழுத்தம் இறங்கும் நேரத்தை அளக்க வேண்டும். லைனை 7 பாருக்கு ஏற்றி, கம்ப்ரஸரை நிறுத்தி, 3.5 பாருக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.

லீக் = கொள்ளளவு × அழுத்த இறக்கம் ÷ நிமிடம் × 1.25

3 கன மீட்டர், 3.5 பார், 7.3 நிமிடம் என்றால் 1.8 வரும். அழுத்தம் இறங்க இறங்க லீக்கும் குறைவதால்தான் 1.25-ஆல் பெருக்குகிறோம். கொள்ளளவில் பைப்பைச் சேர்க்க மறந்தால் லீக் குறைவாகத் தெரியும். தொடக்கநிலையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

சில மெஷின்கள் நின்றிருக்கும்போதும் சீல் பாதுகாப்புக்கோ ஏர் பேரிங்குக்கோ காற்று கேட்கும். அவற்றை முன்பே பட்டியலிட்டு, மெஷின் கையேடு அனுமதித்தால் மட்டும் மூடுங்கள். மூடக்கூடாதவற்றின் தேவையை லீக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

படி 3: லீக்கைத் தேடுங்கள்

கையால் தடவித் தேடக் கூடாது. அழுத்தக் காற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கண்ணாடியும் காது பாதுகாப்பும் கட்டாயம்.

நீளமான மெயின் லைனில் ஆரம்பித்து நேரத்தை வீணாக்காதீர்கள். வெல்டிங் செய்த பைப் அரிதாகவே லீக்காகும். லீக்குகள் மெஷினுக்கு முந்தைய கடைசிச் சில மீட்டர்களில்தான் கூட்டமாக இருக்கும்: க்விக் கப்ளர், ஹோஸ் க்ளாம்ப், எஃப்ஆர்எல் (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) யூனிட்டின் கிண்ணமும் அதன் டிரெயினும், மரை இணைப்புகள், சிலிண்டர் ராடு சீல். சொலினாய்டு வால்வின் எக்ஸாஸ்ட் வாயை மறக்காதீர்கள். வால்வு எதையும் இயக்காத நேரத்தில் அங்கே தொடர்ந்து காற்று வந்தால், வால்வின் சீலோ சிலிண்டரின் பிஸ்டன் சீலோ உள்ளுக்குள் விட்டுவிட்டது என்று பொருள். வெளியே சோப்பு அடித்தால் இது தெரியாது.

கிண்ணம் பாலிகார்பனேட் என்றால் வீரியமான சோப்போ கரைப்பானோ அடிக்க வேண்டாம். சில ரசாயனங்கள் அதில் விரிசல் உண்டாக்கும், அழுத்தத்தில் இருக்கும் கிண்ணம் வெடிக்கவும் செய்யும்.

ஒவ்வொரு லீக்குக்கும் டேக் கட்டி, இடம், பாகம், பெரிதா சிறிதா என்று எழுதுங்கள். 7 பாரில் 1 மி.மீ. ஓட்டை சுமார் 0.4 கிலோவாட் தின்னும். 3 மி.மீ. ஓட்டை விட்டத்தில் மூன்று மடங்கு, பரப்பில் ஒன்பது மடங்கு, ஏறக்குறைய 3.5 முதல் 4 கிலோவாட். பெரிய ஓட்டைகளை முதலில் அடைக்கச் சொல்வது இதனால்தான்.

படி 4: அடையுங்கள்

லைனைத் தனிமைப்படுத்தி, பூட்டுப் போட்டு, அழுத்தத்தை முழுக்க வெளியேற்றிய பிறகே எதையும் கழற்றுங்கள்.

கூம்பு மரைக்கு டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே 3 அல்லது 4 சுற்று சுற்றுங்கள். முனையில் முதல் மரையைக் காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் டேப் துணுக்குகள் வால்வுக்குள் போய்ச் சிக்கும். நேர் மரை இணைப்புக்கு டேப் எத்தனை சுற்றினாலும் பலன் இல்லை. அங்கே அடைப்பது வாஷரோ ஓ-ரிங்கோதான். ஒரே இணைப்பு மாதாமாதம் லீக்காகிறது என்றால் பெரும்பாலும் கூம்பு மரையும் நேர் மரையும் கலந்து மாட்டியிருப்பார்கள். அதை இன்னும் இறுக்கினால் பித்தளை உடல் வெடிக்கும்.

புஷ்-இன் ஃபிட்டிங்கில் லீக் இருந்தால் ஃபிட்டிங்கை மாற்றும் முன் ட்யூபின் முனையைப் பாருங்கள். கீறல் இருக்கும், அல்லது கட்டிங் ப்ளேயரால் சாய்வாக வெட்டியிருப்பார்கள். ட்யூப் கட்டரால் 15 முதல் 20 மி.மீ. நேராக வெட்டி மறுபடி செருகினால் பல லீக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

டேங்க் அடியிலும் டிரையரிலும் டிரெயின் வால்வை யாராவது லேசாகத் திறந்தே வைத்திருப்பார்கள், தண்ணீர் சேரக்கூடாதே என்று. நல்லெண்ணம்தான், ஆனால் இரவு பகலாகக் காற்று போகும். நீர்மட்டம் பார்த்துத் திறக்கும் டிரெயின் போடுங்கள். டைமர் டிரெயினே இருந்தால், மழைக்காலத்துக்கு வைத்த நேரத்தை வறண்ட காலத்தில் குறையுங்கள்.

படி 5: அழுத்தத்தை இறக்குங்கள்

7 பாரை ஒட்டிய அழுத்தத்தில் 1 பார் இறக்கினால் கம்ப்ரஸரின் மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் குறையும். கூடவே, மிஞ்சியிருக்கும் லீக்குகளில் போகும் காற்றும் எட்டில் ஒரு பங்கு குறையும்.

ஒரே நாளில் 1 பார் இறக்காதீர்கள். 0.2 பார் இறக்கி, ஆலையில் ஓடும் எல்லா வகை வேலையும் ஒருமுறையாவது ஓடி முடியும் வரை காத்திருந்து, அடுத்த 0.2 இறக்குங்கள். அழுத்தத்தை மெஷின் நிற்கும்போது பார்க்கக் கூடாது. சிலிண்டர் நகரும் அந்த நொடியில் கேஜ் எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும். நிலையாக 6.5 காட்டிவிட்டு ஓடும்போது 5-க்கு விழுந்தால் கம்ப்ரஸர் மேல் பழி போட வேண்டாம். அடைத்துக்கொண்ட ஃபில்டர், சிறிய எஃப்ஆர்எல், நீண்ட மெல்லிய ஹோஸ் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. அதைச் சரிசெய்தால் இறக்கத்தைத் தொடரலாம். ஃபில்டரின் இருபக்க வித்தியாசம் 0.35 பாரைத் தாண்டினால் எலிமென்டை மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும் அதிக அழுத்தம் வேண்டுமென்றால் அதற்குப் பூஸ்டரோ தனிச் சிறு கம்ப்ரஸரோ வையுங்கள். அதற்காக மொத்த ஆலையையும் மேலே பிடித்து வைப்பது வீண்செலவு. அழுத்தம் குறையும்போது டிரையரின் திறனும் சற்றுக் குறையும், எனவே லைனில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள்.

படி 6: காற்றே தேவைப்படாத இடங்கள்

திறந்த பைப்பால் சில்லுகளை ஊதுவது, தொட்டியைக் கலக்குவது, பேனலைக் குளிர்விப்பது. தொட்டியைக் கலக்க ப்ளோயர் போதும். ஊதியே ஆக வேண்டும் என்றால் சுற்றுக் காற்றையும் சேர்த்து இழுக்கும் நாசில் மாட்டி, அதற்கு முன் ரெகுலேட்டர் வையுங்கள். ஒவ்வொரு மெஷின் நுழைவிலும், மெஷின் நின்றால் தானே மூடும் சொலினாய்டு வால்வு இருந்தால் படி 4-இல் தப்பிய லீக்குகளும் அந்த நேரத்தில் நிற்கும். படி 2-இல் பட்டியலிட்டவை மட்டும் விதிவிலக்கு.

படி 7: மிச்சத்தை மோட்டாரிடம் வசூலியுங்கள்

நம் உதாரணத்தில் உற்பத்தி கேட்பது நிமிடத்துக்கு 3 கன மீட்டர், லீக் 1.8, மொத்தம் 4.8. லீக்கை 0.6 ஆக்கிவிட்டோம், மொத்தம் 3.6. கம்ப்ரஸரின் கொள்திறனில் 80 சதவீதம் 60 ஆனது. மின்சாரம் எவ்வளவு குறையும்?

இன்லெட் வால்வு முறையில் பாதிக் காற்றுக்கும் 85 சதவீத மின்சாரம் போகும். எனவே 37.6 கிலோவாட் 35.2 ஆகும், மிச்சம் வெறும் 2.4. லோடு-அன்லோடு முறையில் 34.4 கிலோவாட் 28.8 ஆகும், மிச்சம் 5.6. சரியாகத் தேர்ந்த விஎஃப்டி என்றால் மிச்சம் 8-ஐ நெருங்கும். லீக் அடைத்த உழைப்பு மூன்றிலும் ஒன்றே.

லோடு-அன்லோடிலும் ஒரு கண்ணி உண்டு. அன்லோடுக்குப் போனதும் மின்சாரம் உடனே 12-க்கு விழாது. உள்ளே ஆயில் செப்பரேட்டரில் இருக்கும் அழுத்தம் வெளியேற அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். கொள்ளளவு 1 கன மீட்டர்தான், லோடு-அன்லோடு இடைவெளி 0.7 பார் என்றால், பாதி லோடில் அன்லோடு நேரம் 14 நொடிதான் நீடிக்கும். மின்சாரம் இறங்கும் முன்பே மறுபடி லோடு. அதையே 3 கன மீட்டராக்கினால் 42 நொடி கிடைக்கும். விஎஃப்டி வாங்கும் முன் கூடுதல் டேங்க் வைத்துப் பாருங்கள் என்பது எங்கள் கருத்து. எப்போதும் முழு லோடில் ஓடும் கம்ப்ரஸருக்கு விஎஃப்டி போட்டால் டிரைவின் இழப்பும் சேர்ந்து செலவு கூடவே செய்யும்.

அன்லோடில் நீண்ட நேரம் ஓடினால் மோட்டார் தானே நிற்கும் டைமர் பெரும்பாலான கன்ட்ரோலர்களில் உண்டு. அதைச் செயல்படுத்துங்கள். ஆனால் மணிக்கு எத்தனை முறை ஸ்டார்ட் செய்யலாம் என்று கையேட்டில் பார்த்து, அதற்குள் வையுங்கள். மீறினால் மோட்டார் வைண்டிங் சூடாகும்.

இரண்டு மூன்று கம்ப்ரஸர்கள் இருந்தால் எல்லாமே பாதி லோடில் ஓடுவதுதான் மோசமான நிலை. ஒன்றை முழு லோடில் ஓடவிட்டு, ஏற்ற இறக்கத்தை ஒன்றே ஒன்று சமாளிக்கட்டும், மற்றது நிற்கட்டும். தனித்தனிப் பிரஷர் செட்டிங்கை விட சீக்வென்சர் (எந்தக் கம்ப்ரஸர் எப்போது ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் கன்ட்ரோலர்) இதை நன்றாகச் செய்யும்.

அறையையும் ஒருமுறை பாருங்கள். உறிஞ்சும் காற்று 4 டிகிரி சூடானால் சுமார் 1 சதவீத மின்சாரம் கூடும். கம்ப்ரஸர் வெளிவிடும் வெந்நீராவி போன்ற அனல் அறைக்குள்ளேயே சுற்றாமல் டக்ட் வைத்து வெளியேற்றுங்கள்.

படி 8: மறுபடி அளவெடுங்கள்

படி 1-ஐயும் 2-ஐயும் அப்படியே திரும்பச் செய்து, உற்பத்தியான ஒரு பொருளுக்கு எத்தனை யூனிட் என்று ஒப்பிடுங்கள். மொத்த யூனிட்டை மட்டும் ஒப்பிட்டால் உற்பத்தி குறைந்த மாதம்கூட வெற்றி போலத் தெரியும். லீக் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வையுங்கள். லீக் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் டேக் வேலையை அடுத்த சுற்றுக்குத் தள்ளலாம். மேலே ஏறியிருந்தால், கடைசிச் சோதனைக்குப் பின் எந்தெந்த மெஷினில் ஹோஸ் அல்லது ஃபிட்டிங் மாற்றினார்கள் என்ற பராமரிப்புப் பதிவேட்டை எடுத்து அங்கிருந்தே தேடுங்கள்.