பிகாஸா, பிகாஸ் ஆஃபா?

'அவன் வந்ததால்', 'அவனால்' இரண்டிலும் கடைசியில் நமக்கு அதே 'ஆல்'தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை, தடுமாற்றமே இங்கேதான். பின்னால் எழுவாயும் வினையும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிகாஸ் மட்டும்: 'பிகாஸ் ஹீ கேம் லேட்'. ஆளை மட்டும் சொன்னால் பிகாஸ் ஆஃப். அப்போது ஹீ போய் ஹிம் வந்துவிடும்: 'பிகாஸ் ஆஃப் ஹிம்'.

லீவ் லெட்டரில் 'பிகாஸ் ஆஃப் ஐ ஹேவ் ஃபீவர்' என்று நானே பல வருடம் எழுதியிருக்கிறேன். லீவ் கிடைத்தது என்பது வேறு விஷயம். 'பிகாஸ் ஐ ஹேவ் எ ஃபீவர்' அல்லது சுருக்கமாக 'பிகாஸ் ஆஃப் ஃபீவர்' போதும்.

அப்புறம், ஆஃப்டர், பிஃபோர் இரண்டு வேலையும் பார்க்கும்: 'ஆஃப்டர் ஹீ லெஃப்ட்', 'ஆஃப்டர் ஹிம்'.