தென்காசியில் இன்று மழை வருமா? கோடை வானிலையை நாமே கணிக்கப் பழகுவோம்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கு ஒரே கேள்விதான். "ஏய்யா, இன்னைக்கு வடகம் போடவா, வேண்டாமா?" அத்தை இதைக் கூழ் கிண்டி இறக்கி வைத்த பிறகுதான் கேட்பார். வேண்டாம் என்றால் கூழ் வீண். போடுங்கள் என்று சொல்லி மூன்று மணிக்கு மழை இறங்கினால் வடகமும் போச்சு, என் மரியாதையும் போச்சு. செல்போனைப் பார்த்தால் மேகப் படம் போட்டு 40 சதவீதம் என்று காட்டும். நேற்றும் அதே 40. நாளைக்கும் அதே 40.

மலையடிவார ஊருக்கு இந்தச் செயலிகள் தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. உலகத்திலேயே நல்ல பெயர் எடுத்திருக்கும் ஐரோப்பிய மாதிரிகூட (வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலைத்தான் மாதிரி என்கிறார்கள்) பூமியைச் சுமார் 9 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கி.மீ. அதாவது பஜாரும் அருவியும் அதற்குப் பின்னால் செங்குத்தாக ஏறும் மலையும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் வந்துவிடும். நிஜத்தில் அருவிக்கரையில் கொட்டும்போது பஸ் நிலையத்தில் வெயில் காயும். ஆகவே நாள்கணக்கை இணையத்தில் பாருங்கள், மணிக்கணக்கை மலையில் பாருங்கள். கீழே வருவதெல்லாம் இதன் விரிவுதான். தென்காசியை வைத்துச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கிற மற்ற ஊர்க்காரர்கள் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

படி 1: எந்தக் காலத்தில் இருக்கிறோம்?

வானிலைத் துறை மார்ச் முதல் மே வரை ஒரே பருவமாக, பருவமழைக்கு முந்தைய காலம் என்று வைத்திருக்கிறது. நம் ஊரில் அதற்குள்ளேயே மூன்று முகம் இருக்கிறது.

மார்ச்சிலிருந்து ஏப்ரல் நடு வரை வறண்ட வெயில். காலை சுகமாக இருக்கும், மதியம் காயும், மழை எப்போதாவதுதான்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே இருபது வரை கோடை மழைக் காலம். புழுக்கம், மதியத்துக்கு மேல் இடி, ஒரு மணி நேரம் அடித்துப் பெய்துவிட்டு ஓய்ந்துவிடும்.

அதன் பிறகு மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, எட்டிப் பார்க்கத் தொடங்கும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அக்னி நட்சத்திரத்தைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் பல ஆண்டுகளில் அதன் கடைசி வாரத்திலேயே மேல்காற்று வந்து தென்காசி குளிரத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் பாளையங்கோட்டையில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் போனில் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அங்கே வெக்கை இன்னும் விட்டிருக்காது.

படி 2: ஒரு நோட்டு, ஒரு வெப்பமானி, ஒரு பாட்டில்

செலவு அதிகம் ஆகாது. வெப்பமானியை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில், தலை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே மாட்டுங்கள். மொட்டைமாடித் தரையில் வைத்து "48 டிகிரி" என்று படம் எடுத்து அனுப்புவது தரையின் சூடு, காற்றின் சூடு அல்ல. காரின் முன்பலகை காட்டுவதும் அப்படித்தான்.

மழைமானிக்கு அடி முதல் கழுத்து வரை ஒரே அகலமாக இருக்கிற இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் புனல் மாதிரி செருகிவிடுங்கள். பாட்டிலின் அடிப்பகுதி குழிகுழியாக இருக்கும். அந்தக் குழிகள் மறையும் வரை சிமெண்ட் கலவை ஊற்றி இறுகவிட்டு, அதன் மேல்மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்து, அங்கிருந்து பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டுங்கள். தண்ணீர் நிற்கும் உயரம்தான் மழை அளவு. ஒரு மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பாட்டிலைச் சுவரோரமோ முருங்கை மரத்தடியிலோ வைக்காதீர்கள். பக்கத்தில் நிற்பதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். நான் முதல் வருஷம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இந்தக் கோடையில் மழையே இல்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாய்ந்து வந்த மழையைத் தொட்டி மறைத்திருக்கிறது.

தினமும் காலை 8.30-க்கு அளவெடுங்கள். வானிலைத் துறையும் முந்தைய நாள் 8.30 முதல் அன்று 8.30 வரைதான் கணக்கு வைக்கிறது. நேரம் ஒன்றாக இருந்தால்தான் செய்தித்தாளில் வரும் குண்டாறு, அடவிநயினார் அணைப் பகுதி மழை அளவோடு உங்கள் அளவை ஒப்பிட முடியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மலைக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மாதத்திலேயே பிடிபட்டுவிடும்.

படி 3: காற்று

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள்.

கோடை மழை எப்படி உண்டாகிறது? காலை வெயிலில் மலைச்சரிவு சுட்டுவிடுகிறது. சரிவை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறுகிறது. கிழக்கே கடலிலிருந்து ஈரத்தோடு வரும் கீழ்காற்றும், கேரளப் பக்கமிருந்து ஏறிவரும் அரபிக்கடல் காற்றும் மலைமுகட்டை ஒட்டி முட்டிக்கொள்கின்றன. போக வேறு வழி இல்லாமல் இரண்டும் மேலே கிளம்பும்போது ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. அதனால்தான் நம் ஊர்க் கோடை மழை மலையில் பிறந்து ஊருக்குள் வருகிறது.

விண்டி செயலியைத் திறந்து தென்காசியில் வையுங்கள். காற்றை வழக்கமாகத் தரைமட்டத்துக்குத்தான் காட்டும். ஓரத்தில் உயரத்தை மாற்றும் கோடு இருக்கிறது. அதை 1500 மீட்டருக்கு ஏற்றுங்கள், அப்புறம் 3000 மீட்டருக்கு. இந்த இரண்டு உயரம் போதும்.

1500 மீட்டரில் கிழக்கிலிருந்து மெதுவான காற்று வந்தால், ஈரம் நம் பக்கம் வந்து மலையில் சேர்கிறது. இடிமழைக்கு விதை போட்டாயிற்று. காற்று ஒரு திசையில் நிலைக்காமல் சுழன்று சுழன்று அடித்தாலும் வாய்ப்பு உண்டு. வடக்கிலிருந்து, உள்நாட்டு நிலத்தைத் தாண்டி வறண்ட காற்று வந்தால் தைரியமாக வடகம் போடலாம்.

3000 மீட்டர் காற்று, பிறந்த மேகத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்கிறது. அங்கே மேற்கிலிருந்து அடித்தால் மலையில் கிளம்பிய மழை குற்றாலம், மேலகரம் தாண்டித் தென்காசிக்கு வரும், சில நாள் சுரண்டை வரைக்கும் போகும். கிழக்கிலிருந்து அடித்தால் அத்தனை மேகமும் ஆரியங்காவுக்கு அப்பால் புனலூர் பக்கம் நகர்ந்துவிடும். நாம் மாடியில் உட்கார்ந்து மின்னலை வேடிக்கை பார்க்கலாம். இடி கேட்கும், ஒரு சொட்டு விழாது. கோடையில் நாம் ஏமாறுகிற நாட்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்று என் நோட்டு சொல்கிறது.

படி 4: இரண்டு மாதிரிகளை ஒப்பிடுங்கள்

அதே செயலியில் ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் இருக்கும். அடுத்த மூன்று நாட்களுக்கு இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால் நோட்டில் "தெரியவில்லை" என்று எழுதுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஐந்து நாளைத் தாண்டி எந்த இடத்தில் எத்தனை மி.மீ. என்று காட்டும் படத்தை நான் பார்ப்பதே இல்லை. காற்று திசை மாறப்போகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

படி 5: அதிகாரபூர்வ அறிவிப்பைப் படிக்கும் விதம்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தமிழிலேயே அறிக்கை வெளியிடுகிறது. அதில் வரும் வார்த்தைகளுக்குக் கணக்கு இருக்கிறது. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால்வாசி வரை நனையலாம். "ஒருசில இடங்களில்" என்றால் கால்வாசியிலிருந்து பாதி வரை. "கனமழை" என்றால் ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கும் மேலே அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் தயாராக இருக்க வேண்டிய அளவைச் சொல்கின்றன.

ஒரு சிக்கல். அறிவிப்பு "தென்காசி மாவட்டம்" என்று வரும். சங்கரன்கோவில் கரிசல் காடும் செங்கோட்டை மலையடிவாரமும் அதே மாவட்டம்தான். கோடையில் மாவட்டத்துக்குக் கனமழை என்று வந்தால், முதலில் மலையை ஒட்டிய பகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கும் கணக்கு உண்டு. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால், அல்லது நேராக 45 டிகிரியையே தொட்டால்தான் வெப்ப அலை. வியர்த்துக் கொட்டுவதை எல்லாம் வெப்ப அலை என்று சொல்லக்கூடாது, அது புழுக்கம்.

படி 6: பத்து, பதினோரு மணிக்கு மாடிக்குப் போங்கள்

இனி செல்போனைப் பையில் போட்டுவிட்டு மேற்கே பாருங்கள்.

பத்து மணிக்கு மலைமுகடு கத்தியால் கீறின மாதிரி தெளிவாகத் தெரிந்தால் காற்றில் ஈரம் குறைவு. நீலப் புகை படிந்த மாதிரி மங்கலாக இருந்து, கழுத்தோரம் பிசுபிசுத்தால் கவனமாக இருங்கள். பதினோரு மணி வாக்கில் முகட்டின் மேல் பஞ்சுத் துண்டுகள் முளைக்கும். அவை அகலவாக்கில் பரவிக் கரைந்தால் ஒன்றுமில்லை. உயரவாக்கில் வளர்ந்து, ஓரங்கள் காலிஃபிளவர் மாதிரி கெட்டியாக, பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் வேலை தொடங்கிவிட்டது. பன்னிரண்டரைக்குள் அடிப்பகுதி கறுத்துவிட்டால் நான் அத்தையைக் கூப்பிட்டுவிடுவேன். மேகத்தின் தலை வெள்ளை நாராகி, கொல்லன் பட்டறைக் கல் மாதிரி தட்டையாகப் பரவினால் அது முழு இடிமேகம்.

கடைசி அடையாளம் காற்று. அதுவரை இலை அசையாத இறுக்கமாக இருக்கும். திடீரென்று மலைப்பக்கமிருந்து மண்வாசனையோடு குளிர்ந்த காற்று ஒரு வீச்சு வீசும். மழை இறங்கும்போது அதோடு கீழே விழுந்த குளிர்காற்று தரையோடு பரவி முன்னால் ஓடிவருகிறது. பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிஷம் கையில் இருக்கும். அதற்குள் பாயைச் சுருட்டிவிட வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் ரேடார் பாருங்கள். நமக்கு நெருக்கமானது திருவனந்தபுரம் ரேடார். ஆனால் நடுவில் மலை நிற்பதால் நம் பக்கம் தாழ்வாக இருக்கும் மழையை அது முழுசாகப் பார்க்காது. ரேடாரில் காலியாக இருக்கிறது என்று மலை கறுத்திருப்பதை நம்பாமல் விடாதீர்கள்.

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும் வரை எத்தனை விநாடியோ அதை மூன்றால் வகுத்தால் தூரம் கி.மீ.யில் வரும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மாடியில் இருக்காதீர்கள். வடகம் போனால் போகட்டும். மின்னலுக்கென்றே புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தயாரித்த தாமினி செயலி இருக்கிறது. வயலில் நிற்பவர்கள் போனில் கட்டாயம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: அருவிக்குப் போகிறவர்களுக்கு மட்டும்

மேலே சொன்ன எதையும் செய்யாவிட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். கோடை மழைக் காலத்துக்குள் வருகிற நாள்தான் அது.

அருவிக்கு வரும் தண்ணீர் நாம் நிற்கிற இடத்தில் பெய்த மழை அல்ல, மேலே காட்டுக்குள் பெய்தது. பாறைச் சரிவில் விழுந்த மழை ஊறி நிற்காமல் அப்படியே ஓடிவரும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிட முடியும். ஆகவே மே மாத மதியங்களில் அருவிக்கு மேலே மலை கறுத்திருந்தால் இறங்காதீர்கள். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, அருவியின் சத்தம் கனத்தாலோ, துணியை எடுக்கக்கூட நிற்காமல் ஏறிவிடுங்கள். போலீஸ்காரர் விசில் அடித்தால் அவரோடு வாதாடாதீர்கள்.

படி 8: நோட்டில் எழுதுவது எப்படி?

ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். இந்த மாதிரி:

காலை 7: 1500-ல் கிழக்கு, மெதுவாக. 3000-ல் மேற்கு. முகடு மங்கல். என் கணிப்பு: 3 மணிக்கு மேல் மழை.
மதியம் 1: மேகம் கறுத்துவிட்டது, புழுக்கம்.
மறுநாள் 8.30: 22 மி.மீ. கணிப்பு சரி.

தப்பானால் தப்பு என்றே எழுதுங்கள். எதனால் தப்பியது என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் அடுத்த வருஷம் உதவும்.

படி 9: சாரல் எப்போது?

இது வெளியூர்க்காரர்கள் கேட்கிற கேள்வி. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் சராசரி நாள் ஜூன் 1. ஆனால் 2023-இல் ஜூன் 8, 2024-இல் மே 30, 2025-இல் மே 24 என்று அது முன்னும் பின்னும் போகும். அங்கே தொடங்கியதாக அறிவித்ததும் இங்கே மறுநாளே சாரல் விழும் என்று கட்டாயம் இல்லை. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று நிலைத்து அடிக்க வேண்டும்.

கோடை மழையையும் சாரலையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். கோடை மழைக்கு இடி உண்டு, மதியத்துக்கு மேல் வரும், காலையில் முகடு தெரியும். சாரலுக்கு இடி இல்லை, நேரம் காலம் இல்லை, காலையிலிருந்தே மலையின் தலை மேகத்துக்குள் இருக்கும். தூறல் காற்றோடு சாய்ந்து முகத்தில் பூசிவிட்டுப் போகும், சட்டை நனையாது.

அறை பதிவு செய்வதற்கு முன் விண்டியில் 1500 மீட்டர் உயரத்தில் பாருங்கள். அடுத்த மூன்று நாளும் மேற்கிலிருந்து மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் விடாமல் காற்று காட்டினால் கிளம்பி வரலாம். ஒரு நாள் மட்டும் காட்டிவிட்டு மறுநாள் ஓய்ந்துவிட்டால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். வரும்போது துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஈரத்துணி இங்கே ஆடி வரைக்கும் காயாது.